மைனஸ் எட்டு டிகிரி சொல்லாத செய்தி

காஷ்மீரின் இரண்டு இரவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 31 அதிகாலையில் ஸ்ரீநகரின் வெப்பநிலை மைனஸ் 8.8 டிகிரி செல்சியஸ். முப்பது ஆண்டுகளில் அந்நகரம் காணாத குளிர். 2024 டிசம்பர் 21 அதிகாலையில் மைனஸ் 8.5. டிசம்பர் மாதத்தைப் பொறுத்தவரை, ஐம்பது ஆண்டுகளில் காணாத குளிர். இரண்டுமே நாடு முழுவதும் தலைப்புச் செய்தியாயின. இரண்டு முறையும் தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன. ஷிகாரா படகோட்டிகள் துடுப்பால் பனிக்கட்டியை உடைத்து வழி செய்துகொண்டார்கள். வீடுகளில் குழாய்நீர் உறைந்தது.

ஆனால், முதல் இரவு பனியின்மேல் வந்த இரவு. 2021 ஜனவரி முதல் வாரத்திலேயே பள்ளத்தாக்கில் பெரும் பனிப்பொழிவு. ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பல நாள் அடைபட்டுக் கிடந்தது. அந்தப் பனி கூரையிலும் தோட்டத்திலும் மலையிலும் குவிந்திருந்த நிலையில்தான் மைனஸ் 8.8 பதிவானது. இரண்டாவது இரவில் ஸ்ரீநகரின் தெருக்கள் காய்ந்திருந்தன. ஆப்பிள் மரங்களின் அடியில் வெறும் மண் தெரிந்தது. பனி ஒரு வாரம் கழித்து ஒருமுறை கொட்டியது. அதன்பின் ஜனவரியும் பிப்ரவரியின் பெரும்பகுதியும் ஏறக்குறைய வறண்டே போயின.

வெப்பமானி காட்டிய எண் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். அதை வைத்து இரண்டு குளிர்காலங்களையும் ஒன்றாக எண்ணிவிட்டோம். இமயமலையின் குளிர்காலத்தை இந்த நாடு தவறான அளவுகோலால் அளக்கிறது. அதன் விலையை அங்குள்ள உழவரும் தோட்டக்காரரும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரவு ஏன் அவ்வளவு குளிர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் வானத்துக்கு விடுகிறது. மேகம் மூடியிருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பிக் கீழே வரும். மேகமற்ற, ஈரமற்ற வானத்தில் தடுப்பார் இல்லை. வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அதனால்தான் மழையும் பனியும் வராத வாரங்களில் காஷ்மீரின் இரவு மேலும் மேலும் கடுமையாகிறது. பகலிலோ தலைகீழ். தடையில்லாத வெயில் நேராக இறங்கி, வெப்பம் இயல்பைத் தாண்டி ஏறும். 2024 ஜனவரியில், வடஇந்தியச் சமவெளி மூடுபனிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, டெல்லியைவிட ஸ்ரீநகரின் பகல் வெதுவெதுப்பாக இருந்த நாள்கள் உண்டு. உறைய வைக்கும் இரவும் வெதுவெதுப்பான பகலும் சேர்ந்து வந்தால், அது வறட்சி. அதைக் 'கடுங்குளிர்' என்று செய்தியாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

காஷ்மீர் மக்கள் இப்படி ஏமாறுவதில்லை. அவர்களுடைய குளிர்காலத்துக்குத் தனி நாள்காட்டியே இருக்கிறது. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் சில்லாய் கலான். அதையடுத்து 20 நாள் சில்லாய் குர்த். கடைசி 10 நாள் சில்லாய் பச்சா. ஆக 70 நாள். இந்த 70 நாளுக்காகக் கோடையிலேயே ஏற்பாடு தொடங்கிவிடும். கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய், டர்னிப் எல்லாவற்றையும் வகிர்ந்து வெயிலில் உலர்த்திக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஃபெரன் அங்கிகள் வெளியே வரும். சராரே ஷரீஃபில் முடைந்த காங்கிரிக் கூடைகளுக்குள் மண்சட்டியும் கரித்தணலும் ஏறும். இருட்டு விலகுமுன்பே பழைய நகரத்துக் கடைகளில் ஆட்டிறைச்சியும் அரிசியும் குழைந்த ஹரீசா கொதித்துக்கொண்டிருக்கும். இத்தனையும் வெறும் குளிருக்கான ஏற்பாடாக மட்டும் வளர்ந்ததல்ல. பனி வழியை அடைக்கும், சந்தை நின்றுபோகும், வீட்டுக்குள்ளேயே இருக்க நேரும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வளர்ந்த வாழ்க்கை முறை இது. குளிர் வந்து பனி வராத சில்லாய் கலானில், துன்பம் முழுதாக வருகிறது; அதற்கு ஈடாக வரவேண்டியது வருவதில்லை.

ஏன் குறிப்பாக அந்த 40 நாள்? ஜனவரிப் பனி உலர்ந்தது, தூள் போன்றது. வெயில் தாழ்வாக இருக்கும் காலத்தில் விழுவதால் எளிதில் உருகாது. அடுக்கின்மேல் அடுக்காக இறுகி, உயரமான மலைகளில் கோடை வரை நிற்கும். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் விழும் பனி ஈரமானது, கனமானது. மேலேறிவிட்ட வெயிலில் சில நாள்களிலேயே நீராகி ஓடிவிடும். ஓடைகள் ஒரு வாரம் பெருகும், பிறகு இறங்கும். ஆகவே, குளிர்காலத்தின் மொத்த மழையளவைக் கூட்டிப் பார்த்து 'பற்றாக்குறையை மார்ச் ஈடுசெய்துவிட்டது' என்று அறிக்கை எழுதுவது பாதி உண்மை. எவ்வளவு விழுந்தது என்பதோடு எப்போது விழுந்தது, என்னவாக விழுந்தது, எவ்வளவு நாள் நின்றது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் தேக்கித் தை, மாசியில் பாய்ச்சத் தெரிந்த தமிழ்நாட்டு உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காஷ்மீரின் ஏரி மலைமேல் வெள்ளையாக நிற்கிறது, அவ்வளவுதான். தென்மேற்குப் பருவமழை பீர் பாஞ்சால் மலைத்தொடரைத் தாண்டி உள்ளே பெரிதாக வருவதில்லை. பள்ளத்தாக்கு தன் ஆண்டு நீரின் பெரும்பங்கைக் குளிர்காலத்திலும் இளவேனிலிலும்தான் பெற்றுக்கொள்கிறது.

அந்த நீரைக் கொண்டுவருபவை 'மேற்கத்திய இடையூறுகள்' என்று வானிலையாளர்கள் சொல்லும் காற்றுச் சுழல்கள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக, உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தோடு கிழக்கே நகர்ந்து வருபவை. வழியில் காஸ்பியன் கடலும் அரபிக் கடலும் ஈரம் சேர்த்துக் கொடுக்கும். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து முறை இவை வடஇந்தியாவைத் தொடுவது வழக்கம். மலையில் மோதி மேலேறிப் பனியாகின்றன. பஞ்சாப், ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேச வயல்களில் மெல்லிய மழையாகின்றன. அந்த மழையை அங்கே 'மஹாவட்' என்கிறார்கள். கோதுமைக்கும் கடுகுக்கும் அதைவிட நல்ல உரம் இல்லை என்பது அந்த உழவர்களின் அனுபவம். ஆக, மத்தியதரைக் கடலில் தொடங்கும் ஒரு காற்று தவறினால், குல்மார்க்கில் பனிச்சறுக்கு நிற்பதோடு போவதில்லை. லூதியானாவின் கோதுமை வரை அது எட்டுகிறது.

இந்தக் காற்றுகளின் போக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் கீரன் ஹன்ட், 70 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட கட்டுரையில் சொல்வது இது: ஜெட் காற்றோட்டம் வடக்கே விலகுவது தாமதமாகிறது, அதனால் மேற்கத்திய இடையூறுகள் மே, ஜூன், ஜூலை மாதங்களிலும் முன்னைவிட அதிகமாக வருகின்றன. கோடையில் வெப்பமாகிவிட்ட மலைமேல் அதே சுழல் வந்தால் பனி விழாது. கொட்டும் மழையாக விழும். பருவமழையோடு சேர்ந்துகொண்டால் வெள்ளமாகும். சேமிப்பாக வரவேண்டிய நீர், சேதமாக வருகிறது. வெப்பமயமாதலின் இந்த முகத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

'வறண்ட குளிர்காலம் முன்பும் வந்திருக்கிறது; ஓரிரு ஆண்டை வைத்து அலற வேண்டுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. எந்த ஓர் ஆண்டையும் தனியாக எடுத்து, இதுதான் சான்று என்று நிறுத்த முடியாது. 2023–24 குளிர்காலத்தில் எல் நினோவும் இருந்தது. ஆனால், ஆண்டுகளை வரிசையாகப் பார்க்கும்போது கதை வேறு. காத்மாண்டுவிலிருந்து இயங்கும் ஐசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு அமைப்பு, இந்துகுஷ் – இமயமலைப் பகுதி முழுவதிலும் தரையில் பனி எவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழி கணக்கிடுகிறது. 2024–25 குளிர்காலத்தில் அது இயல்பைவிட 23.6 விழுக்காடு குறைவு. 23 ஆண்டுப் பதிவில் மிகக் குறைந்த அளவு. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் குறைவு என்பதையும் அந்த அறிக்கை சேர்த்தே சொன்னது. சிந்து நதியின் ஓட்டத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு பனி உருகி வருவது. கங்கையில் அது சுமார் 10 விழுக்காடு. மூன்று ஆண்டுப் பற்றாக்குறை எந்த நதியை முதலில் தொடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜனவரியில் குல்மார்க்கின் படங்கள் பலரை உலுக்கின. 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் புல்வெளி, ஜனவரி நடுவில் காய்ந்த புல்லின் பழுப்பு நிறத்தில் கிடந்தது. குளிர்காலத்தில் குல்மார்க்கை இவ்வளவு வறண்டு பார்த்ததில்லை என்று காஷ்மீர் அரசியல் தலைவர் ஒமர் அப்துல்லா படங்களோடு பதிவிட்டார். மாதக் கடைசியில் பனி வந்தது, படங்கள் மாறின, பேச்சும் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு, குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. இந்த இரண்டு செய்திகளுக்கும் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட, 2025 பிப்ரவரியில் அச்சபல் ஊற்று வற்றிய செய்திக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

அனந்தநாக் மாவட்டத்தில் இருக்கிறது அச்சபல். முகலாயர்கள் அதன் ஊற்றை நடுவாக வைத்துத் தோட்டம் எழுப்பினார்கள். சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீரும் வயல்களுக்குப் பாசனமும் அதிலிருந்துதான். தெற்குக் காஷ்மீரின் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: அனந்தநாக், வெரிநாக், கோகர்நாக். காஷ்மீரி மொழியில் நாக் என்றால் ஊற்று. ஊரே ஊற்றின் பெயரில். ஜீலம் நதியின் தோற்றுவாயாகப் போற்றப்படும் வெரிநாக்கில், ஜஹாங்கீர் கட்டிய எண்கோணக் குளம் இன்றும் இருக்கிறது. இந்த ஊற்றுகள் மேலே உள்ள சுண்ணாம்புப் பாறை மலைகளிலிருந்து நீர் பெறுகின்றன. மழை வேகமாக விழுந்து வேகமாக ஓடிவிடும். பனியோ சொட்டுச் சொட்டாக உருகிப் பாறை வெடிப்புகளில் இறங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்து ஊற்றாக வெளிவரும். பனி குறைந்தால் ஊற்றுக்குப் போகும் தவணை குறைகிறது. நானூறு ஆண்டுக்கு முன் முகலாயர்கள் தேடி வந்து தோட்டம் அமைத்த நீர், பிப்ரவரியில் நின்றுபோனது. தண்ணீர் நெருக்கடி கண்ணெதிரே நிற்கிறது என்று அப்போது முதல்வராகிவிட்டிருந்த ஒமர் அப்துல்லா எச்சரித்தார். மாதக் கடைசியில் பனியும் மழையும் வந்ததும் அந்த எச்சரிக்கையின் சூடும் தணிந்துவிட்டது.

மின்சாரத்துக்கும் இதே கதைதான். ஜம்மு காஷ்மீரின் மின் உற்பத்தி பெரும்பாலும் நீர்மின்சாரம். குளிர்காலத்தில் ஆறுகள் மெலிந்திருக்கும். உற்பத்தி நிறுவுதிறனில் சிறு பங்குக்கு இறங்கிவிடும். தேவையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மேகமற்ற இரவுகள் தேவையை இன்னும் ஏற்றுகின்றன. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் போதாத வேளையில் வீடுகள் கரிக்கும் விறகுக்கும் எரிவாயு அடுப்புக்கும் திரும்புகின்றன. அடைத்த அறையில் மூச்சடைத்து இறந்தவர்களின் செய்தி இல்லாமல் அங்கே ஒரு குளிர்காலம் கழிவதில்லை. குளிரின் கொடுமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

பனியும் சாதுவானதல்ல. 2005 பிப்ரவரியில் குல்காம் மாவட்டத்தின் வால்டெங்கு நார் கிராமத்தைப் பனிச்சரிவு மூடியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரக் காவல் நிலையைச் சரிவு புதைத்தது. இறந்த 10 பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள்; அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டு வீரர்கள். பனியைப் போற்றி எழுதும் எவரும் இதை மறக்கக் கூடாது. பருவம் தப்பி வரும் பனியும் கேடு செய்வதுதான். 2018 நவம்பர் முதல் வாரத்திலும் 2019 நவம்பரிலும் ஆப்பிள் மரங்கள் இலை உதிர்க்குமுன்பே கனத்த ஈரப்பனி விழுந்தது. இலையும் காயும் தாங்கிய கிளைகள் அந்தச் சுமையில் அடியோடு பிளந்தன. ஆப்பிள் மரம் நிறைந்த காய்ப்புக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். ஓர் இரவில் போனது ஒரு பருவ விளைச்சல் மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் பாதி ஆயுள் உழைப்பும் அதோடு போனது.

ஆப்பிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவின் ஆப்பிளில் நான்கில் மூன்று பங்கு காஷ்மீரில் விளைவது. கோயம்பேட்டில் வந்து இறங்கும் பெட்டிகளிலும் அந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் தேவை. 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணிநேரம் உறங்கினால்தான் டெலிஷியஸ் போன்ற வகைகள் ஒழுங்காகப் பூக்கும். இமாசலத்தின் குல்லு பள்ளத்தாக்கில் தாழ்வான பகுதிகள் இந்தக் கணக்கை இழந்துவிட்டன. அங்கே ஆப்பிள் மேலே ஏறிவிட்டது. கீழே மாதுளை வந்துவிட்டது. காஷ்மீருக்கு இன்னும் இரவுக் குளிர் போதுமான அளவு கிடைக்கிறது. அங்கே ஆபத்து வேறு வழியில் வருகிறது. மண்ணைப் பனி மூடியிருந்தால் வேர்ப்பகுதி குளிர்ந்தும் ஈரமாகவும் ஒரே நிலையில் இருக்கும், மரம் அவசரப்படாது. பனியில்லாத பிப்ரவரியில், வெதுவெதுப்பான பகல்கள் மரத்தை முன்கூட்டியே எழுப்பிவிடும். வழக்கமாக மார்ச் நடுவில் ஸ்ரீநகரின் பாதாம்வாரித் தோட்டத்தில் பூக்கும் பாதாம் முந்திக்கொள்ளும். பின்னாலேயே ஆப்பிள் மொட்டும் வீங்கும். அப்போது மார்ச் அல்லது ஏப்ரலில் ஒரு குளிரலை திரும்பி வந்தால், மொட்டு கருகும். மழை வந்தால் தேனீ பறக்காது. பூத்தது பூத்தபடி காய்க்காமல் போகும். இதற்குப் பின் கோடையில் ஓடை வற்றினால் காய் பருக்காது. இப்படி ஒரு குளிர்காலத்தின் வறட்சி, எட்டு மாதம் கழித்து வரும் அறுவடையில் போய் முடிகிறது. அதற்குள் அந்தக் குளிர்காலத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

காட்டுக்கும் இதே நிலை. பனி மூடியிருக்கவேண்டிய ஜனவரியிலும் பிப்ரவரியிலும் காய்ந்த சருகு கிடப்பதால், காஷ்மீரில் அண்மைக் காலத்தில் குளிர்காலத்திலேயே காட்டுத் தீ பற்றுகிறது. பனிப்பாறைகளுக்கும் அடி விழுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் போர்வை இல்லாத ஆண்டில், அழுக்கேறிய பழைய பனிக்கட்டி கோடையில் சீக்கிரமே வெளிப்பட்டு வெயிலை உறிஞ்சும். லித்தர் ஆற்றுக்கு நீர் தரும் கோலஹாய் போன்ற பனிப்பாறைகள் ஏற்கெனவே பின்வாங்கிக்கொண்டிருப்பவை. பனியில்லாக் குளிர்காலம் ஒவ்வொன்றும் அவற்றின் முதலிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது.

சோஜி லா கணவாயைத் தாண்டினால் லடாக். லே நகரம் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழையும் பனியும் பெறும் குளிர்ப் பாலைவனம். அங்கே நீரைப் பற்றிய அறிவு மிகப் பழமையானது. ஊருக்கு ஊர் 'சுர்போன்' என்று ஒருவர் உண்டு. உருகிவரும் நீரை எந்த வயலுக்கு எப்போது திருப்புவது என்று முறை வைப்பது அவர் பொறுப்பு. இரவில் வரும் நீரைத் தேக்க 'சிங்' என்ற சிறு குளங்கள். விதைக்கும் காலமான ஏப்ரல், மே மாதங்களில் உயரத்துப் பனிப்பாறை உருகத் தொடங்கியிருக்காது என்பதுதான் லடாக் உழவரின் நிரந்தரச் சிக்கல். பொறியாளர் செவாங் நோர்பெல் இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரைத் திருப்பி, ஊருக்குச் சற்று மேலே நிழலான சரிவில் கல்தடுப்புகளுக்குப் பின்னால் மெல்ல ஓடவிட்டு உறையச் செய்தார். தாழ்வான இடத்தில் இருப்பதால் இந்தப் பனிக்கட்டி சரியாக விதைப்புக் காலத்தில் உருகியது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் அதே எண்ணத்தைக் கூம்பு வடிவத்துக்குக் கொண்டுபோய் 'ஐஸ் ஸ்தூபி' ஆக்கினார். இரண்டுமே மதிக்கத்தக்க வேலைகள். ஆனால், இவை ஓடையில் நீர் இருந்தால்தான் நடக்கும். வானத்திலிருந்து வராத பனியை எந்தக் கூம்பும் உண்டாக்காது. உள்ளூர் மக்களின் திறமையைப் பாராட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதற்கு இவற்றைச் சாக்காக்கக் கூடாது.

அரசு என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சர்ச் என்றொரு லத்தீன் பேராசிரியர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மவுண்ட் ரோஸ் மலைமேல் ஏறிப் பனிக்குள் நீண்ட குழாயைச் செருகி, அதில் ஏறிய பனியை நிறுத்துப் பார்த்தார். ஆழத்தை அளந்தால் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 10 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீர்தான், ஈரப்பனியானால் அதைவிட இருமடங்கு, தூள்பனியானால் பாதி. பனியின் எடையைக் கொண்டு, கோடையில் டாஹோ ஏரியில் நீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொன்னார். இன்று அமெரிக்காவின் மேற்கு மலைகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் பனியின் நீரளவைப் பதிவு செய்கின்றன. அந்தப் பேராசிரியரை இந்திய அரசு 1940களின் பிற்பகுதியில் அழைத்து, இமயமலைப் பனியை அளப்பது பற்றி ஆலோசனை கேட்டது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நமக்கு இந்த வழி தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் தேதிப் பனிக்கணக்கு ஒரு பொது நிகழ்வு. 2015இல் அது இயல்பில் 5 விழுக்காடாக இருந்தபோது, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வழக்கமாக ஆளுயரப் பனி இருக்கும் இடத்தில் காய்ந்த புல்மேல் நின்றுகொண்டு, நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கும் ஆணையை அறிவித்தார். கோடை வந்து குழாய் வற்றும்வரை அவர் காத்திருக்கவில்லை. மலையில் பனி இல்லை என்ற ஒன்றே ஆணைக்குப் போதுமான காரணமாக இருந்தது.

நம்மிடம் கருவிகளே இல்லை என்று சொல்ல முடியாது. சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைக்காக மலைகளில் கண்காணிப்பு நிலையங்கள் வைத்திருக்கிறது. படைவீரர்களின் உயிருக்கு அது தேவை, நன்றாகவே செய்கிறார்கள். செயற்கைக்கோள்கள் பனிப்பரப்பைக் காட்டுகின்றன. பரப்பு வேறு, அதற்குள் இருக்கும் நீர் வேறு. வானிலை ஆய்வு மையத்தின் நிலையங்களோ பெரும்பாலும் மக்கள் வாழும் தாழ்வான இடங்களில் இருக்கின்றன. நீரைச் சேமித்து வைத்திருக்கும் உயரமான சரிவுகளில் அளப்பவர் மிகக் குறைவு. ஜீலம், செனாப், பியாஸ், சட்லெஜ் படுகைகளின் மேல்பகுதிகளில் பனியின் நீரளவைப் பதியும் நிலையங்கள் அமைத்து, ராணுவம் திரட்டும் தரவில் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத பகுதியையும் சேர்த்து, ஒவ்வொரு மார்ச்சிலும் படுகைவாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு சுரங்கப்பாதைக்கு ஆகும் செலவின் அருகில்கூட வராது. குளிர்காலப் போக்குவரத்துக்கு 6.5 கிலோமீட்டர் சோனமார்க் சுரங்கத்தைக் கட்டி 2025 ஜனவரியில் திறந்தோம். சோஜி லாவின் அடியில் அதன் இருமடங்கு நீளத்தில் இன்னொன்று குடைகிறோம். பனியைக் கடந்து போக இவ்வளவு முதலீடு செய்பவர்கள், பனியை அளப்பதற்கும் சிறிது செய்யலாம்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பேரிடர் நிவாரண நிதி யாருக்குக் கிடைக்கும் என்பதை ஒன்றிய அரசின் பட்டியல் தீர்மானிக்கிறது. அதில் பனிச்சரிவு உண்டு. உறைபனியும் குளிரலையும் உண்டு. ஆலங்கட்டி மழையும் உண்டு. பனி வராமல் போவது இல்லை. வறட்சி என்ற தலைப்பு இருந்தாலும், அதன் அளவுகோல்கள் பருவமழையை மனத்தில் வைத்து உருவானவை; ஜனவரியில் பொய்த்த பனியால் ஆகஸ்டில் வாடும் மக்காச்சோளம் அதற்குள் எளிதில் அடங்காது. குளிரலை என்று அறிவிக்க மலைப்பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை சுழியமோ அதற்குக் கீழோ இருந்து, இயல்பைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கியிருக்க வேண்டும் என்று துல்லியமான வரையறை இருக்கிறது. பனி வறட்சிக்கு அத்தகைய வரையறை ஒன்றுகூட இல்லை. 2018 நவம்பர்ப் பனிப்பொழிவை அன்றைய ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் மாநிலத்துக்கே உரிய சிறப்புப் பேரிடராக அறிவித்து இழப்பீடு வழங்கியது. மாநிலங்கள் தம் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிட விதி இடம் தருகிறது. இமாசலமும் உத்தராகண்டும் அந்த வழியில் பனி வறட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்று யூனியன் பிரதேசங்களாக இருக்கும் ஜம்மு காஷ்மீருக்கும் லடாக்குக்கும் டெல்லிதான் வழி செய்தாக வேண்டும்.

சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பனி வந்தவுடன் 'வாருங்கள்' என்று அழைப்பதும், வராதபோது மௌனமாக இருப்பதும் போதாது. பயணிகள் குவியும் ஊர்களில் விடுதிகளின் நீர்த்தேவையும் கிராமத்தின் நீர்த்தேவையும் ஒரே ஊற்றில்தான் மோதுகின்றன. பனி குறைந்த ஆண்டில் விடுதிகளுக்கு எவ்வளவு, வயல்களுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை முன்பே முடிவு செய்து வைப்பது நிர்வாகத்தின் கடமை.

கடைசியாக 2018 ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முந்தைய குளிர்காலம் வறண்டு போயிருந்தது. பாசனத் துறை வடக்குக் காஷ்மீர் உழவர்களுக்கு, இந்த ஆண்டு நெல் பயிரிட வேண்டாம், தண்ணீர் தர இயலாது என்று அறிவிப்பு விடுத்தது. அப்படிச் சொன்னது தவறில்லை; அரிதாகச் செய்த நல்ல வேலை. ஆனால், நாற்றங்கால் போடும் நேரத்தில் வந்த அறிவிப்பு அது. விதை வாங்கியவர் வாங்கியிருந்தார். மாற்றுப் பயிருக்கான விதை கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. நெல்லை விட்டவருக்கு ஈடு என்று எதுவும் அதில் சொல்லப்படவில்லை. அந்த அறிவிப்புக்குத் தேவையான செய்தி மலைமேல் ஜனவரியிலேயே இருந்தது. பிப்ரவரி இறுதியில் முதல் கணிப்பு, மார்ச் நடுவில் உறுதியான படுகைக் கணக்கு, அதனோடு எந்தக் கால்வாயில் எந்த வாரம் வரை நீர் வரும் என்ற பட்டியல், மக்காச்சோளத்துக்கோ பயறுக்கோ மாறுபவருக்கு விதையும் ஏக்கருக்கு இவ்வளவு என்ற உதவித்தொகையும் – இவை நான்கும் ஒரே தாளில், காஷ்மீரியிலும் உருதுவிலும், ஏப்ரல் பிறப்பதற்கு முன் பாராமுல்லா உழவரின் கையில் இருக்க வேண்டும். வரும் குளிர்காலத்திலிருந்தே இதைத் தொடங்க முடியும்.